ஆற்று நீரும் பள்ளிப் பிள்ளைகளும்: சங்கங்களின் கடமை

காவிரி நாட்டிற் பிறந்த பிள்ளைகளுக்குக் காவிரியைப் பற்றிப் பள்ளியில் என்ன கற்பிக்கப்படுகிறது? அது குடகு மலையில் தலைக்காவேரியில் தோன்றுகிறது. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிக் கடலிற் கலக்கிறது. கல்லணையைக் கட்டியவன் கரிகாலன். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. இவையெல்லாம் அறிய வேண்டியவையே. ஆனால், இன்று காலை தம் ஊர்ப் படித்துறையில் ஓடிய நீர் குளிக்கத் தக்கதா, நாற்றங்காலுக்குப் பாய்ச்சத் தக்கதா, நூலை அலசத் தக்கதா என்று கேட்டால், பத்தாண்டு படித்த மாணவரும் விடையறியாது நிற்கின்றனர். அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியரும், அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரும், அப்பெற்றோரை அங்கத்தினராகக் கொண்ட நமது சங்கங்களுங்கூட இவ்விஷயத்தில் அதே நிலையில்தான் இருக்கின்றன.

நீரின் அளவைப் பற்றி நாம் பேசாத நாள் இல்லை. எத்தனை டி.எம்.சி. வந்தது, எத்தனை வரவேண்டும், கடைமடைக்கு எப்போது எட்டும் என்பன பெட்டிக்கடை வாயிலிலும் பேசப்படுகின்றன. வந்த நீரின் தன்மை என்ன என்பதைப் பேசுவோர் மிகச் சிலரே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்திய நாட்டு ஆறுகளில் மாசுற்ற பகுதிகளாக 351 பகுதிகள் குறிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, காவிரியில் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான பகுதி. நமது டெல்டாவில் காவிரியின் கரையிலுள்ள ஊர்களுள் பெரும்பாலானவை இவ்வொரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஆற்று நீரின் தன்மையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தான் வேண்டும். அதைப் பாடமாக ஓதுவதை விட்டு, தீர்க்க வேண்டிய பிரச்சினையாக அவர்கள் கையிற் கொடுக்க வேண்டும் என்பதும், அப்பிரச்சினையை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியது கூட்டுறவுச் சங்கமே என்பதும், அவர்கள் கொண்டுவரும் விடை கசப்பாயிருப்பினும் சங்கம் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

பிரச்சினை வழிக் கல்வி

சுற்றுச்சூழலைப் பற்றிய கல்வி பள்ளிகளில் இல்லாமல் இல்லை. அதைக் கட்டாயப் பாடமாக்குமாறு உச்ச நீதிமன்றமே 1991-இல் பணித்தது. பாட நூல்களிலும் அது இடம்பெற்றது. ஆனால் நடப்பது யாது? நீர் மாசுபடுவதற்குரிய காரணங்களை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், மதிப்பெண் பெறுகின்றனர். பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால், எழுதிய விடையோடு எவ்வித உறவுமின்றித் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மாறான ஒரு முறை உண்டு. கனடா நாட்டில் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் 1969-இல் அதைத் தொடங்கினர். முதலிற் பாடம், பின்னர் நோயாளி என்னும் பழைய வரிசையை மாற்றி, நோயாளியின் துன்பத்தையே முதலில் மாணவர்முன் வைத்தனர். மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து, ‘நாம் அறிந்தது எது? அறியாதது எது? அறிய வழி என்ன?’ என்னும் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொண்டு, வேண்டிய அறிவைத் தாமே தேடிச் சேர்த்தனர். ஆசிரியர் விடையைக் கூறமாட்டார். வழி தவறும்போது ஒரு கேள்வியால் திருப்பி விடுவார். இதுவே பிரச்சினை வழிக் கல்வி எனப்படுவது.

இது மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டுவதில்லை. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியின் உயிர்நிலை, செய்தொழில் வழியாகவும் சுற்றுப்புறத்தின் வழியாகவும் கற்பதே. அதற்கும் முன்னர், தஞ்சையிற் பிறந்து, இலண்டனிற் கணக்குத் தணிக்கை பயின்ற ஜே. சி. குமரப்பா, 1929-30-இல் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை உடன்கொண்டு மாதர் தாலுகாவின் கிராமங்களிற் பொருளாதார நிலையை நேரிற் கணக்கெடுத்தார். வகுப்பறையில் வறுமையைப் பற்றிப் பேசுவதினும், ஒரு குடியானவனின் வரவையும் செலவையும் எழுதிப் பார்ப்பது மேலான பாடம் என்பது அவர் கண்ட வழி. நம் காலத்திலும், 1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினையொன்றை எடுத்து ஆராய்ந்து கட்டுரை படிக்கின்றனர். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இப்பணியில் ஈடுபட்டு வந்திருக்கிறது. ஆகவே வழி நமக்குப் புதிதன்று. அதை ஊன்றிக் கடைப்பிடிக்காததே குறை.

ஆற்று நீரைப் பொறுத்து இம்முறை எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரின் வழியே ஹியூரான் என்னும் ஆறு ஓடுகிறது. 1984-இல் அவ்வூர் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர், ஆற்றில் நீர் விளையாட்டில் ஈடுபட்டபின் மஞ்சட் காமாலைக்கு ஆளாயினர். ‘நமக்கு நோய் தந்தது இந்த நீர்தானா?’ என்னும் கேள்வி அவ்வகுப்பில் எழுந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் அவர்களுக்கு வழிகாட்ட, மாணவரே ஆற்று நீரைச் சோதித்தனர். அம்முயற்சி பல பள்ளிகளுக்குப் பரவி, 1989 முதல் பல நாட்டு ஆறுகளை இணைக்கும் ஒரு கல்வி அமைப்பாக வளர்ந்தது. அந்த மாணவர் நுண்ணுயிரியலைத் தேர்வுக்காகக் கற்கவில்லை. தம் தோழரின் நோய்க்குக் காரணம் அறியக் கற்றனர். அவ்வாறு கற்றது எளிதில் மறவாது.

நொய்யல் தந்த பாடம்

மேனாட்டுக் கதை எதற்கு, நமது காவிரியின் கிளையாற்றிலேயே நடந்தது ஒன்று உண்டு. நெசவாளரும் விவசாயிகளும் ஒருசேரப் படிக்கும் இப்பத்திரிகையில் அதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியிற் கலப்பது நொய்யல் ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்கென்று கட்டிய அணை அது. திருப்பூரின் சாயப் பட்டறைகளிலிருந்து வந்த கழிநீர் அதில் தேங்கிற்று. சில ஆண்டுகளுக்குள், எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே அதில் நீரைத் தேக்க வேண்டாமென்று முறையிடும் நிலை வந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பருத்தித் துணியிற் சாயம் பற்றுவதற்குப் பெருமளவில் உப்பு இடப்படுகிறது. கழிநீரின் நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. நிறத்தை நீக்கும் சுத்திகரிப்பு உப்பை நீக்குவதில்லை. தெளிந்த நீராகத் தோன்றியதே வயலைக் கெடுத்தது. ‘கண்ணால் கண்டதே மெய்’ என்னும் நம்பிக்கை இங்கே பொய்த்தது.

முடிவு என்ன ஆயிற்று? நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் ஒரு பக்கமும், திருப்பூர்ச் சாயப் பட்டறை உரிமையாளர் சங்கம் மறுபக்கமுமாக நின்று வழக்காடின. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டு நீரும் ஆற்றில் விடாதபடி சுத்திகரிக்கக் கெடு விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. ஆணை முற்றும் நிறைவேறாமற் போகவே, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் வேலையின்றித் தவித்தனர். வயலும் கெட்டது; பட்டறையும் மூடிற்று. இரு சாராரில் வென்றவர் எவர் என்று கேட்டால் விடை கூறுவது அரிது.

நொய்யற் கரையில் எத்தனையோ பள்ளிகள் உண்டு. அப்பள்ளிகளில் ஆற்று நீரின் உப்பை மாதந்தோறும் அளந்து எழுதிவைக்கும் வழக்கம் இருந்து, அக்கணக்கை இரு சாராரின் சங்கங்களும் கூடிப் படித்திருக்குமானால், வழக்கே எழுந்திராது என்று நாம் கூறவில்லை. ஆனால் இரு சாராரும் நீதிமன்றத்தின் வாயிலில் சந்திப்பதற்கு முன், ஊரிலே ஒருமுறையாவது ஒரே கணக்கின்முன் உட்கார்ந்திருப்பார்கள்.

நம் ஊருக்கேற்ற கேள்விகள்

திருபுவனம், கும்பகோணம், அய்யம்பேட்டை, கூறைநாடு என்று நெசவுக்குப் பேர்பெற்ற ஊர்கள் நெல்வயல்களின் நடுவே இருப்பதே தஞ்சை நாட்டின் அமைப்பு. எந்த ஊரையும் சுட்டிக் குறை கூறுவது நமது நோக்கமன்று. பிள்ளைகளுக்குத் தரத்தக்க மூன்று பிரச்சினைகளை மாதிரிக்காகக் கூறுவோம்.

முதலாவது, முதல் தண்ணீர். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். 2022-இல் மே 24-ஆம் நாளே திறந்தனர். நீரில்லாமையால் 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. எப்போது திறந்தாலும், அதற்கு முந்திய மாதங்களில் ஆற்றுப் படுகையிற் சாக்கடை தேங்குகிறது; குப்பை குவிகிறது; ஆகாயத்தாமரை மண்டுகிறது. புதுநீர் இவற்றையெல்லாம் உருட்டிக்கொண்டு கடைமடை நோக்கி வருகிறது. அதை மலர் தூவி வரவேற்கிறோம். ஆடிப் பதினெட்டில் அதில் நீராடுகிறோம். ‘தண்ணீர் வந்து எத்தனை நாளுக்குப்பின் நம் படித்துறையிற் குளிக்கலாம்?’ என்பதே பிள்ளைகளுக்குரிய கேள்வி. சிறிய கேள்விதான், ஆனால் விடை தேடப் புகுந்தால், அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் உண்ணுகையில் நீரிலுள்ள பிராண வாயுவைச் செலவிடுகின்றன என்பதைக் கற்றாக வேண்டும். நீர் சூடேறினால் அது கொள்ளும் பிராண வாயு குறையும் என்பதை அறிய வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். பாசி மிகுந்த நீரில் விடியற்காலையில் அது மிகக் குறைந்தும் பிற்பகலில் மிகுந்தும் இருக்கும். எனவே எந்த மணியில் அளந்தோம் என்பதை எழுதாத கணக்கு பயனற்றது என்பதையும் அவர்களே கண்டுகொள்வர். குளிக்கும் துறைக்கு லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் பிராண வாயு இருக்க வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் அளவுகோல். அளவுகோலைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கல்வியின் ஒரு பகுதியே.

இரண்டாவது, சாய நீரும் நாற்றங்காலும். சாயச் சாலைக்கு அருகிலுள்ள நாற்றங்கால் மஞ்சளித்தால், உடனே சாயத்தின்மேற் பழி விழுகிறது. ஆனால் தழைச்சத்துக் குறைந்தாலும் நாற்று மஞ்சளிக்கும். துத்தநாகக் குறையாலும் வடிகாலின்மையாலும் அவ்வாறே ஆகும். ‘இந்த நாற்றைக் கெடுத்தது நீரா, நிலமா, வேறா?’ என்பது கேள்வி. பாசன நீரின் மின்கடத்து திறன் 2,250 மைக்ரோ சீமன்ஸுக்கு மேற்படலாகாது என்பது வாரியத்தின் வரம்பு. நீரில் உப்பு மிகுந்தால் இத்திறனும் மிகும். சாய நீர் சேருமிடத்துக்கு மேலே ஓரிடம், சேருமிடம், கீழே ஈரிடங்கள் என நான்கு இடங்களில் அளந்தால் உண்மை ஒருவாறு புலப்படும். மூன்று சட்டிகளில் நெல்லை விதைத்து, ஒன்றுக்குக் கிணற்று நீரும், ஒன்றுக்கு வாய்க்கால் நீரும், ஒன்றுக்கு ஐயத்திற்குரிய நீரும் ஊற்றிப் பார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும், நாற்றான பின்னரே வாடும். ஈரத்துணியில் முளைகட்டிப் பார்த்துவிட்டு ‘நீர் நல்லது’ என்று தீர்ப்பளித்த குழு தவறிவிடும். மூன்று இலை விடும்வரை காத்திருந்த குழுவே சரியான விடை காணும். பொறுமையைப் போதிக்க இதைவிடச் சிறந்த பாடம் உண்டா?

பட்டுக்குச் சாயமேற்றும் முறை வேறு. பருத்திக்கு வேண்டும் அளவு உப்பு பட்டுக்கு வேண்டுவதில்லை. ஆயினும் பட்டு நூலின் பசையைப் போக்கச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சுகிறோம்; அக்கழிநீர் ஆற்றின் பிராண வாயுவைத் தின்னும். ஆதலின் பருத்தி நெய்யும் ஊரில் உப்பையும், பட்டு நெய்யும் ஊரில் பிராண வாயுவையும் முதலில் நோக்க வேண்டும். தந்தையின் தொழிலை அறிந்த பிள்ளைகளே இதைப் பிறரினும் நன்கு விளக்குவர்.

மூன்றாவது, நம் வயலிலிருந்து ஆற்றுக்குச் செல்வது என்ன என்பது. நெசவாளரை மட்டும் கூண்டில் நிறுத்துவது நியாயமன்று. யூரியாவை அளவின்றி இட்டு வடிகாலைத் திறந்துவிடுவதும், மருந்தடித்த விசைத்தெளிப்பானை வாய்க்காலிற் கழுவுவதும் நாம் காணாதவை அல்ல. வீட்டுக் கழிவுநீரை ஆற்றில் விடுவதில் நெசவாளர், விவசாயி என்ற வேற்றுமையே இல்லை. இம்மூன்றையும் ஒரே ஆண்டில் ஒருசேர ஆராய்ந்தால்தான் பிள்ளைகள் நடுநிலை கற்பர்.

கருவியும் கணக்கும்

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டுமென்று அஞ்ச வேண்டா. கறுப்பும் வெள்ளையும் தீட்டிய தகட்டைக் கயிற்றில் இறக்கி, அது மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவை அளக்கலாம். இத்தாலிய நாட்டுப் பாதிரியார் செக்கி 1865-இல் கண்ட முறை இது. மின்கடத்து திறனை அளக்கும் கைக்கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. மலக்கலப்பை அறிய, நீரை ஊற்றி வைத்தால் கறுக்கும் சிறு குப்பி உண்டு. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1982-இல் வெளியிட்ட முறை இது. ஆற்று நீர் பெரும்பாலும் கறுக்கவே செய்யும். எத்தனை மணி நேரத்திற் கறுத்தது என்பதைக் கொண்டு இடத்துக்கு இடம் ஒருவாறு ஒப்பிடலாம். கறுத்த குப்பியில் கிருமிகள் பெருகியிருக்குமாதலால், பிளீச்சிங் பவுடர் இட்ட பின்னரே கொட்ட வேண்டும். செலவேயில்லாத சோதனையும் உண்டு. கரையோரச் சேற்றை வலையில் அள்ளிப் பார்த்து, தும்பியின் இளம்பூச்சிகள் பலவகையாகக் காணப்படின் நீர் ஓரளவு நல்லதெனவும், சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளியின் பிராண வாயு குன்றிற்று எனவும் கொள்ளலாம்.

கருவியினும் முக்கியமானது கணக்கு. தணிக்கையின்போது ரசீது இல்லாத செலவை நாம் ஏற்பதில்லை. இருப்பைக் கண்ணால் எண்ணாமல் ஏட்டை மட்டும் பார்த்துக் கையொப்பமிடுவதும் இல்லை. ஆற்றுக் கணக்குக்கும் அதுவே விதி. நாள், மணி, இடம், அளந்தவர் பெயர், நீரோட்டத்தின் நிலை ஆகியவை இல்லாத எண் எண்ணாகாது. ஒரே நீரை இரு குழுக்கள் தனித்தனியே அளந்து ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் அடித்து எழுதாமல் இரண்டையும் எழுதி, வேறுபாட்டின் காரணத்தைத் தேட வேண்டும்.

பிள்ளைகளால் அளக்க முடியாதவையும் பல. பூச்சிமருந்தின் எச்சத்தைப் பள்ளியிற் கண்டுபிடிக்க இயலாது. காவிரி நீரில் மருந்துப் பொருள்களின் எச்சங்கள் கலந்திருப்பதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021-இல் வெளிப்படுத்தினர். அது நுண்ணிய கருவிகளின் வேலை. ‘இதை நாம் அறிய முடியாது, அறிந்தவரிடம் அனுப்ப வேண்டும்’ என்று உணர்வதும் கல்வியே. குடிநீர் வடிகால் வாரியத்திற்கு மாவட்ட ஆய்வகங்கள் உள்ளன. ஐயத்திற்கிடமான முடிவை அங்கே உறுதி செய்துகொண்ட பின்னரே வெளியிட வேண்டும்.

ஆட்சேபங்களும் விடைகளும்

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் கூறலாம். ஆனால் கரைந்த வாயு இரசாயனம், வெப்பம் பௌதிகம், சராசரியும் வரைபடமும் கணிதம், சங்கத்துக்கு எழுதும் அறிக்கை தமிழ். பாடத்தை விட்டுச் செல்வது எங்கே? ‘விடை எமக்கே தெரியாதே’ எனின், இம்முறையில் ஆசிரியர் விடையறிந்திருக்க வேண்டுவதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

பிள்ளைகளின் உயிர்க்காப்பு குறித்த ஆட்சேபம் நியாயமானது. மணல் அள்ளிய குழிகள் ஆற்றில் எங்கெங்கு இருக்கின்றன என்று எவராலும் கூற இயலாது. ஆகையால் எந்தப் பிள்ளையும் ஆற்றில் இறங்கலாகாது. படித்துறையிலோ பாலத்திலோ நின்று, கயிறு கட்டிய பாத்திரத்தால் நீர் எடுக்க வேண்டும். நீந்தத் தெரிந்த பெரியவர் இருவர் உடனிருத்தல் வேண்டும். இவ்விதியைத் தளர்த்தும் பள்ளி இப்பணியைத் தொடங்காமலிருப்பதே நலம்.

எல்லாவற்றினும் கனமான ஆட்சேபம் நெசவாளர் மனத்தில் எழுவது. ‘பிள்ளைகள் அளந்து எழுதிய எண்ணைக் கொண்டு எவரேனும் நமது சாயச் சாலையை மூடிவிட்டால் நாம் எங்கே போவது?’ என்னும் அச்சத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. கூலியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு ஒரு வாரம் தொட்டி காய்ந்தாலும் உலை ஏறாது. ஆனால் நொய்யலில் நடந்ததைத் திரும்பப் பார்க்க வேண்டும். உண்மை வெளிப்பட்டதால் பட்டறைகள் மூடப்படவில்லை. உண்மை மிகவும் காலந்தாழ்ந்து, அயலார் கையால், நீதிமன்றத்தில் வெளிப்பட்டதால் மூடப்பட்டன. காலத்தே நம் பிள்ளைகளால் நமக்குள் தெரியவரும் குறையைச் சோப்பின் அளவைக் குறைத்தும், கழிநீரைத் தேக்கித் தெளியவைத்தும், பொதுச் சுத்திகரிப்புக்கு வழி தேடியும் நாமே திருத்திக்கொள்ளலாம். தனி நெசவாளர் ஒருவரால் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட இயலாது. நூறு நெசவாளர் சேர்ந்த சங்கத்தால் இயலும். தனித்துச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வதற்கன்றோ சங்கம் ஏற்பட்டது?

சங்கம் செய்யத் தக்கவை

ராச்டேல் முன்னோடிகள் 1844-இல் தம் கடையைத் திறந்த சில ஆண்டுகளுக்குள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கு ஒதுக்கினர். சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1995-இல் மான்செஸ்டரில் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வி. ஏழாவது, சங்கம் அமைந்துள்ள சமுதாயத்தின் நலனில் அக்கறை. இவ்விரண்டும் ஒன்றுகூடும் இடம் ஆற்றங்கரையிலுள்ள பள்ளிக்கூடமே.

எனவே நாம் கூறுவது இது. நெசவாளர் சங்கமும் அதே ஊரின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு கேள்வியைத் தேர்ந்து, எழுத்து மூலம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இரு சங்கத் தலைவர்களும் அதிற் கையொப்பமிட வேண்டும். குப்பிக்கும் கருவிக்கும் ஆகும் செலவை இரு சங்கங்களும் தமது விதிகளுக்கு உட்பட்டுப் பகிர்ந்துகொள்ள வேண்டும். சாயச் சாலையின் வாயிலையும் வயலின் வரப்பையும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். கணக்கேட்டின் ஒரு பிரதி சங்க அலுவலகத்தில் எந்த அங்கத்தினரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். முடிவைப் பிள்ளைகளே மகாசபையிற் படிக்க வேண்டும். தனி ஒருவரின் பெயரைச் சொல்லிப் பழிக்கலாகாது. சங்கத்தின் பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்: செய்யக்கூடியது இது, செய்ய முடியாதது இது, காரணம் இது என்று.

இக்கடைசிப் படியை விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்வதைக் காட்டிலும் ஒன்றுமே செய்யாதிருப்பது மேல். மாதக்கணக்கில் வெயிலில் நின்று அளந்த கணக்கைப் பெரியவர்கள் கைதட்டி வாங்கி அலமாரியிற் பூட்டிவிட்டார்களெனின், அப்பிள்ளைகள் கற்கும் பாடம் நீரைப் பற்றியதாயிராது, நம்மைப் பற்றியதாயிருக்கும். உண்மையைக் கண்டுபிடித்தாலும் ஊர் அதைக் கேளாது என்று பதினான்கு வயதில் அறிந்துகொண்டவர், நாற்பது வயதில் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அமரும்போது எவ்வாறு நடப்பார் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

அடுத்த முறை மேட்டூர் மதகுகள் திறக்கப்படுவதற்கு முன் வேண்டிய காலம் இருக்கிறது. வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், ‘பள்ளிக்கு அனுப்ப வேண்டிய கேள்வி’ என்று ஓர் இனத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு சங்கத் தலைவர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறோம். கேள்வி எளியதாயிருக்கலாம், இந்த ஊர் நீரைப் பற்றியதாயும், விடை நமக்கு மெய்யாகவே வேண்டியதாயும் இருந்தால் போதும்.